நூல் அறுந்தால் முதலில் யாரைத் திட்டுவது?

அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்துத் தெருவிலோ, வானகரம்–அம்பத்தூர் சாலையை ஒட்டியோ, கார் நிறுத்தக் கட்டிய இடத்துக்கு ஷட்டர் போட்டு, ‘கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி, ஆரி ஒர்க், ஃபால்ஸ், பிக்கோ’ என்று போர்டு மாட்டியிருக்கிறீர்களா? இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். ஒற்றைத் தலை, 15 ஊசி, சீனத்து மிஷின், மாதாமாதம் தவணை என்பதுதான் நம் பக்கத்து வழக்கமான ஏற்பாடு. மிஷினோடு ஒரு புத்தகமும் வந்திருக்கும். நூல் அறுந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்கிற மட்டில் அது நின்றுவிடும். முகூர்த்தம் இந்த வாரக் கடைசியில், மணப்பெண்ணின் அம்மா எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து கண் இமைக்காமல் பார்க்கிறார் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது.

ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நூல் அறுவதே இல்லை. அந்த மாதங்களில் மிஷின் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளின் டி-ஷர்ட்டில் பெயர் அடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகூட இப்படி உழைக்காது என்று நீங்களே மெச்சும்படி ஓடும். ஆவணி பிறக்க வேண்டும். ரா சில்க் பிளவுஸ் பிட் மாட்ட வேண்டும். முதுகுப் பக்கத்து மயிலுக்குக் கழுத்து வரைக்கும் தைத்து முடித்து, ஜரி ஓடத் தொடங்க வேண்டும். அப்போது அறும்.

மிஷின் நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, ‘பீப் பீப்’ என்றதும் ஊசியின் பக்கம் போகாதீர்கள். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள்தான் அப்படிப் போவார்கள். என்ன காரணம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யார் காரணம் என்பதை உடனே முடிவு செய்ய வேண்டும்.

சௌகார்பேட்டையில் நூல் விற்ற கடைக்காரர் நல்ல தேர்வு. தூரத்தில் இருக்கிறார், திட்டுவது காதில் விழாது. போன முறை இதே நூலை இதே கடையில் நீங்கள்தான் பேரம் பேசி, கோனுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று அள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்பதை இந்த நேரத்தில் நினைக்க வேண்டாம். வாங்கி வந்த கோன்களை மேற்கு வெயில் விழும் ஜன்னலில் வரிசையாக, பார்க்க அழகாக அடுக்கி வைத்ததையும் நினைக்க வேண்டாம். வெயிலில் நூல் இற்றுப்போகும். ரேயான் நூலுக்கு ஈரமும் ஆகாது. நனைந்தால் பலம் வெகுவாகக் குறையும். அதனால் அதைச் சித்திரையில் வெயிலிலும் ஐப்பசியில் சாரலிலும் மாறி மாறி வைத்திருந்தால், கடைக்காரரைத் திட்டுவதற்கு ஆண்டு முழுக்கப் பஞ்சமே வராது.

அடுத்து, டிசைனை பஞ்சிங் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியவர். அவர் போனை எடுக்க மாட்டார் என்பதால் இவரும் வசதி. பக்கத்து வீட்டு போர் மோட்டாரையும் சேர்த்துக்கொள்ளலாம். “அவங்க மோட்டார் போட்டா எங்க மிஷின் திணறுதுங்க” என்று சொன்னால் வாடிக்கையாளர் தலையாட்டாமல் இருக்கவே முடியாது. ஆபரேட்டர் தம்பியை மட்டும் நேருக்கு நேர் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவர் லீவில் இருக்கும் நாளில் திட்டலாம். இருக்கும் நாளில் திட்டினால் திருவேற்காட்டில் புதிதாகத் திறந்திருக்கும் கடை, அவருக்குக் கூடுதல் சம்பளத்தோடு காத்திருக்கிறது.

மிச்சம் இருப்பது திருஷ்டி. எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டுவதில் தப்பில்லை, ஆனால் ஃபிரேம் போய்வரும் பாதையில் கட்டாதீர்கள். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைப்பதிலும் கொஞ்சம் இடம் பார்க்க வேண்டும். மிஷினின் நெற்றியில் ஊசிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். நூல் ஓடினால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றவில்லை என்றால் நூல் அறுந்ததாக மிஷின் எடுத்துக்கொள்ளும். நம் ஆட்கள் பொட்டு வைக்க வரிசையாக ஓர் இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது இந்த 15 சக்கரங்கள்தான். சந்தனம் காய்ந்து இறுகியதும், அறாத நூலை அறுந்தது என்று மிஷின் நாள் முழுக்கக் கத்தும். அப்போது அதற்கும் ஒரு பரிகாரம் செய்வார்கள். இன்னும் கொஞ்சம் சந்தனம்.

திட்டி முடித்த பிறகு, கை சும்மா இருக்காது. டென்ஷன் திருகைத் திருப்பத் தோன்றும். தாராளமாகத் திருப்புங்கள். ஆனால் ஒன்றை மட்டும் திருப்பி நிறுத்திவிடக் கூடாது. 15 திருகுகளையும், ஒவ்வொன்றையும் வேறு வேறு அளவில், முதலில் எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் திருப்ப வேண்டும். பிறகு பாபின் கேஸில் இருக்கும் பொடி ஸ்குருவையும் கால் சுற்று. இதன் பயன் என்னவென்றால், காலையில் ஒரு கோளாறோடு இருந்த மிஷின் மதியத்துக்குள் 17 கோளாறுகளுக்கு முன்னேறிவிடும். மெக்கானிக்கை அழைக்கக் கௌரவமான காரணம் கிடைக்கும்.

துணியைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் உள்ளவர்கள் இந்தப் பாக்கியத்தை இழக்கிறார்கள். பட்டையான தையலின் பின்பக்கம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல், இரு ஓரமும் கலர் நூல் என்றிருந்தால் டென்ஷன் சரியாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று அர்த்தம். வெள்ளையே தெரியாவிட்டால் மேல் நூல் தொளதொள. வெள்ளை முன்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல் நூல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஒரு உதறு உதறினால், கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு வந்தால் தளர்வு, அசையாமல் தொங்கினால் இறுக்கம். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது, பைசா செலவில்லை. அதனால்தான் இதை யாரும் செய்வதில்லை.

இதைவிட அவமானப்படுத்தப்பட்ட பொருள் ஊசி. கடையில் மிக மலிவான உதிரிப் பாகம் அதுதான். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த பிறகு கடைசியாக மாற்றப்படுவதும் அதுதான். போர்டை மாற்றுவார்கள், மோட்டாரை மாற்றுவார்கள், ஸ்டெபிலைசர் வாங்குவார்கள், மிஷின் நிற்கும் திசையை வாஸ்துப்படி மாற்றுவார்கள். ஊசியை மட்டும், “இன்னும் ஒடியலையே” என்று வைத்திருப்பார்கள். ஊசிக் காதின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தால் போதும். ஒவ்வொரு தையலிலும் நூலின் அதே பகுதி அந்தக் காதுக்குள் திரும்பத் திரும்பப் போய் வந்துதான் துணியில் உட்காருகிறது. அந்தப் பயணத்தில் பிசிறு அதைச் சீவிச் சீவித் தள்ளிவிடும். ஜரி என்றால் கேட்கவே வேண்டாம். நடு இழை நிற்கும், மேலே சுற்றிய மினுக்கு மட்டும் உரிந்து சுருண்டு குருவிக்கூடாகும். சாதா நூலுக்கு 75 நம்பர் ஊசி ஓடுகிற இடத்தில், ஜரிக்குக் காது பெரிதான 90 போட்டு, வேகத்தையும் 850-இலிருந்து 550-க்கு இறக்கினால் ஜரி பெரும்பாலும் வம்பு செய்யாது. ஆனால் வேகத்தைக் குறைத்தால் ஆபரேட்டர் டீ குடிக்கப் போய் வருவதற்குள் வேலை முடியாதே. ஆகவே 850-லேயே விட்டுவிட்டு டீக்குப் போங்கள்.

ஊசி மாட்டும்போது நீளமான பள்ளம் உங்களைப் பார்க்க வேண்டும், சுரண்டிய பக்கம் பின்னால் கொக்கியைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் கொக்கி நூலைப் பிடிக்காது. இதைச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர்கள் இப்போது மூக்குக் கண்ணாடி போட ஆரம்பித்திருப்பதால், ‘கண்ணாடியைத் துடைப்பது’ என்பதையும் பழுது பார்க்கும் முறைகளில் சேர்க்கலாம்.

நிஜமாகவே கண்டுபிடித்துத் தொலைக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம் இருப்பவர்களுக்கு மட்டும் ரகசியமாக ஒன்று. அறுந்த நுனியைப் பாருங்கள். பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் எங்கோ உராய்கிறது: ஊசிக் காது, ஊசித் தகட்டின் ஓட்டை, கொக்கியில் கீறல். பளிச்சென்று வெட்டினாற்போல் இருந்தால் இழுப்பு அதிகம், அல்லது நூல் எங்கோ சிக்கியிருக்கிறது. ஒரே ஊசியில் மட்டும் அறுந்தால் அந்த ஊசியும் அதன் நூல் வழியும். எல்லா ஊசியிலும் அறுந்தால் எல்லாருக்கும் பொதுவான கொக்கி. காலையில் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டீர்களா என்று கேட்டுக்கொள்ளவும். டிசைனில் எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால், பஞ்சிங் போட்டவர் தையலை அங்கே அடைத்துவிட்டார். இந்த ஒரு சமயத்தில் மட்டும் அவரைத் திட்டுவது நியாயம். அப்போதும் போனை எடுக்க மாட்டார்.

நூல் கோத்தாயிற்று. இனி விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தொழிலின் முழு மர்மமும் இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நூல் அறுந்த இடம் வேறு, மிஷின் நின்ற இடம் வேறு. அறுந்ததும் சக்கரம் நிற்கும். நின்றுவிட்டதா, சும்மா தயங்குகிறதா என்று மிஷின் சில தையல் தூரம் யோசிக்கும். அதற்குள் வெறும் ஊசி துணியில் குத்திக்கொண்டே போயிருக்கும். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் கொடுத்தால் மயில் கழுத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டவெளி நிச்சயம். அதனால் பின்னால் போக வேண்டும். பெரும்பாலான சீன மிஷின்களில், நின்றிருக்கும்போது நிறுத்தும் பட்டனையே மறுபடி அழுத்தினால் ஃபிரேம் வந்த வழியே தையல் தையலாகத் திரும்பிப் போகும். கடைசியாக நூல் ஒழுங்காகப் பதிந்த இடத்தையும் தாண்டி மூன்று நான்கு தையல் பின்னால் போய், நூல் நுனியை விரலில் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தொடங்கினால் ஒட்டுப் போட்டதே தெரியாது.

இதில் தாராள மனசு கூடாது. “எதுக்கும் இருக்கட்டும்” என்று ஐம்பது தையல் பின்னால் போனால், தைத்த இடத்தின் மேலேயே மறுபடி தைத்து, அங்கே நூல் மேடு தட்டி, அந்த மேட்டில் முட்டி ஊசி ஒடியும். பட்டில் பிரித்தெடுக்கவும் முடியாது; நூலைப் பிரிக்கலாம், ஊசி குத்திய ஓட்டை போகாது. பல தலை மிஷின் வைத்திருக்கும் பெரிய யூனிட்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. எந்தத் தலையில் அறுந்ததோ அது மட்டும் தைத்துக்கொண்டு வரும், மற்ற தலைகள் சும்மா நிற்கும், விட்ட இடம் வந்ததும் எல்லாம் சேர்ந்து ஓடும். ஒற்றைத் தலைக்காரருக்கு அந்தத் துணை கிடையாது.

மிஷினுக்குத் தான் மயில் போடுகிறோம் என்றே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிஎஸ்டி என்று பென்டிரைவில் போட்டுத் தருகிறார்களே, ஜப்பானின் தாஜிமா கம்பெனி மிஷின்களோடு வந்து உலகம் முழுக்கப் பரவிய வடிவம் அது. அதில் ஒரு தையலுக்கு மூன்று பைட். இவ்வளவு வலது, இவ்வளவு மேலே, குத்து. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு, ஒரு எட்டுக்கு 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போக முடியாது. கலர் என்ன என்பதுகூடக் கோப்பில் கிடையாது. இங்கே கலர் மாற்று என்பது மட்டும்தான். 40,000 தையல் போடுகிற கல்யாண மயில் முழுவதும் 120 கேபி. காலையில் குடும்ப குரூப்பில் வரும் ரோஜாப்பூ குட்மார்னிங் படம் இதைவிடப் பெரிது. இதே 40,000-ஐ நிமிடத்துக்கு 700 வேகத்தில் வகுத்துத்தான் வாடிக்கையாளரிடம் ‘ஒரு மணி நேரத்துல ரெடி’ என்கிறோம். கணக்கு சரி. நூல் அறுவதை அந்தக் கணக்கில் சேர்த்தவர் இதுவரை தொழிலில் இல்லை.

ஆக மிஷினுக்கு நினைவிருப்பது எத்தனையாவது தையல் என்பது மட்டும். ஃபிரேம் நகராமல், ஃபிரேமுக்குள் துணி நகராமல் இருந்தால்தான் அந்த நினைவுக்கு மதிப்பு. இந்த நேரம் பார்த்துத்தான் பிளாஸ்டிக் நாற்காலி எழுந்திருக்கும்.

“அக்கா, ஒருவாட்டி கழட்டிக் காட்டுங்கக்கா. புடவ பார்டர் மேல வச்சுப் பாத்துட்டு ஒடனே குடுத்துர்றேன்.”

“கழட்டுனா அதே எடத்துல மாட்ட முடியாதும்மா.”

“அப்டியே பாத்து மாட்டுங்களேங்க்கா. எவ்ளோ வருஷமா பண்றீங்க!”

இந்தப் பாராட்டுக்கு மயங்கிக் கழற்றியவர்களின் மயில்களை நம் பக்கத்து மண்டபங்களில் பார்க்கலாம். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். தோகை எந்த மயிலுடையது என்று சொல்ல முடியாது. கழற்றாமல், ஃபிரேமோடு சேர்த்துப் புடவையை மிஷினுக்குக் கொண்டுவந்து காட்டுவதே உத்தமம். புடவை இரும்பிலும் எண்ணெயிலும் படுமே என்பார்கள். உடனே ஆசை அடங்கிவிடும்.

கரண்ட் போவது தனிக் கதை. மறுபடி வந்ததும் மிஷின் விட்ட தையலின் எண்ணைச் சரியாகச் சொல்லும். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாருக்குப் பிடிமானம் கிடையாது. யாராவது ஃபிரேம் மேல் கை ஊன்றியிருந்தால், பூனை ஏறிப் படுத்திருந்தால், நீங்களே பிளவுஸ் பிட் கட்டை எடுத்து அதன் மேல் வைத்திருந்தால், எண் சரியாக இருக்கும், இடம் தப்பாக இருக்கும். தொடங்கும் இடத்தில் துணியிலும் கோப்பிலும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் அங்கே போய்ச் சரிபார்த்துத் திரும்பலாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே தண்ணீரை விட்டது. அந்த மாதிரி நாளில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்வது எப்படி’ என்று கேட்கக் கூடாது. மிஷினைச் செங்கல் மேல் ஏற்றுவது எப்படி என்றுதான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் நமக்கு மட்டும் எழுதிய விதி என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவில் ‘கேமில்’ கம்பெனியின் ‘ஸ்டாட்லர்’ போன்ற கம்ப்யூட்டர் மிஷின்களை வீட்டிலேயே வைத்துக் கனத்த போர்வை தைக்கிறார்கள். நமக்குத் தலை நிற்கும், துணி ஓடும். அவர்களுக்குத் துணி நிற்கும், தண்டவாளம் மாதிரி ஒன்றின் மேல் தலை ஓடும். அங்கேயும் நூல் அறும், அங்கேயும் வெறும் ஊசி கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத்தான் நிற்கும், அங்கேயும் டென்ஷனைத் திருகிவிட்டுத்தான் ஊசியைப் பார்க்கிறார்கள். முகூர்த்தம் என்ற ஒன்று மட்டும் அவர்களுக்கு இல்லை.

எல்லாம் செய்தும் மயில் கழுத்தில் இடைவெளி விழுந்துவிட்டதா? பதற வேண்டாம். நம் தொழிலின் மகத்தான கண்டுபிடிப்பு கல். எங்கே நூல் விட்டதோ அங்கே ஒரு குந்தன் கல் ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் ஒட்டினால் காட்டிக்கொடுக்கும். அதற்கு ஜோடியாக எதிர்ப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, ஓரமாக வரிசை. அதிகம் அறுந்த பிளவுஸே அதிகம் ஜொலிக்கும். பில்லில் ‘ஸ்டோன் ஒர்க்’ என்று தனியாகப் போடவும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு கொடுப்பார். அடுத்து அவர் தங்கை வந்து, “அக்காவுக்குப் போட்ட அதே மாதிரி” என்று கேட்கும்போதுதான் சிக்கல். அதே இடங்களில் நூலை மறுபடி அறுந்துபோக வைப்பது லேசான வேலையில்லை.

கடைசியாக, பெயர் போடும் வேலை. இப்போது பிளவுஸ் கையில் மணமகன், மணமகள் பெயர் தமிழில் வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளும் முன் பெயரில் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். மீனா, முரளி என்றால் புள்ளியே இல்லை. அட்சதை போட்டு ஆசீர்வதித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். கார்த்திக் என்றால் மூன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் மிஷின் எழுத்தை முடித்து, நூலை வெட்டி, தாவி, நாலே நாலு தையல் போட்டு, மறுபடி வெட்டித் தாவ வேண்டும். வெட்டிய பிறகு ஊசியில் மிஞ்சும் நுனி குட்டை. அடுத்த குத்தில் அது காதை விட்டு நழுவும், சக்கரம் நிற்கும், பீப் அடிக்கும். புள்ளி அவ்வளவு பொடிசு என்பதால், மிஷின் யோசித்து முடிப்பதற்குள் அந்த இடமே தாண்டிப்போயிருக்கும். பின்னால் போய் எடுக்க வேண்டும் என்று கவனிக்காத ஆபரேட்டர் ஸ்டார்ட் கொடுத்துவிட்டால், மணமகன் ‘காரததிக’ என்று மணவறைக்குப் போவார்.

அப்படி ஆகிவிட்டால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் முன்னோர்கள் ஏட்டில் புள்ளி வைக்காமலேதான் எழுதினார்கள். ஊசியும் எழுத்தாணி மாதிரிதான், பட்டும் ஓலை மாதிரிதான், நாங்கள் பழைய முறைப்படி போட்டிருக்கிறோம் என்று அடித்துச் சொல்லலாம். பெண் வீட்டில் ஒப்புக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருந்து ஒப்புக்கொள்ளவில்லை என்றால், ர, த, க மூன்றின் தலையிலும் ஆளுக்கொரு கல் ஒட்டிக் கொடுங்கள். கல்லுக்குத் தனிக் காசு.